வண்டுக்கு ஒரு கண்டனக் கூட்டம்

ஜான்ரோஸுக்கு இழைக்கப்பட்ட அநீதிகளை வரிசை தப்பாமல் சொல்ல வேண்டும். வரிசை தப்பினால் அவருக்குப் பிடிக்காது. நீல அட்டை நோட்டு ஒன்றில் எண் போட்டு அவரே எழுதி வைத்திருக்கிறார்.

ஒன்று: 1988. ஊரார் அண்டி ஆபீஸ் என்று சொல்லும் முந்திரி ஆலையில் அவருக்கு வேலை. நிர்வாகம் அவருடைய சாப்பாட்டுப் பைக்குள் இரண்டு கிலோ பருப்பைத் தானே வைத்து, கேட்டில் தானே கண்டுபிடித்து, திருடன் என்று சொல்லி வெளியே நிறுத்தியது. நான்கு மாதம் கழித்துத் திரும்ப எடுத்துக்கொண்டது. மன்னிப்புக் கேட்கவில்லை.

இரண்டு: 1996. போனஸ் போராட்டத்தில் ஒன்பது நாள் உண்ணாவிரதம் இருந்தார். பத்திரிகையில் செய்தி வந்தது. பெயர் ‘ஜான்போஸ்’ என்று வந்தது.

மூன்று: 2019. ஆலையை மூடினார்கள். மூடாதே என்று தக்கலை சுவர்களிலெல்லாம் போஸ்டர் ஒட்டிய போராட்டக் குழு, அதே வாரம் உடைந்தது. பொருளாளர் சிவபிரசாத் விலகிப்போய் மாவு மில் வைத்தான். போகிற போக்கில் குழுவின் ரப்பர் சீலையும் எடுத்துக்கொண்டு போனான். சீல் இல்லாத குழு செல்லாத குழு.

நான்கு: 2022, ஈஸ்டர் முடிந்த திங்கட்கிழமை. புட்டில், தேங்காய்ப்பூவுக்கு நடுவே கறுப்பாக ஒன்று. மனைவி செல்லபாய் எட்டிப் பார்த்து, “சீரகம்” என்றாள். சாப்பிட்டார். சீரகம் அப்படி மொறுமொறுவென்று இருக்காது.

ஐந்து: 2023. சப்பாத்தியில் இரண்டு. “ஓமம்” என்றாள். ஓமத்துக்குக் கால் இருந்தது.

ஆறாவது அநீதி அவருக்கு நேர்ந்ததல்ல. ஆனாலும் நோட்டில் ஆறாவதாகத்தான் வருகிறது. அது போன நவம்பரில், ஒரு திங்கட்கிழமை காலையில், பக்கத்து வீட்டு டெல்சியின் போனில் ஏறி வீட்டுக்குள் வந்தது.

டெல்சி மகளிர் குழுத் தலைவி. வரும்போதே போனை நீட்டிக்கொண்டு வந்தாள்.

“அக்கா, இத ஒருக்கா பாருங்க.”

பஹ்ரைனிலிருந்து வந்த வீடியோ. அதில் ஒரு வெள்ளைத் தட்டு. தட்டில் மாவு. மாவின்மேல் ஒரு வண்டு, பஹ்ரைனைச் சுற்றிப் பார்க்க வந்ததுபோல நிதானமாக நடந்துகொண்டிருந்தது. பின்னணியில் ஒரு பெண்குரல் சிரித்தது: “செல்லபாய் புட்டுமாவாம்! வண்டுமாவுன்னு பேர மாத்தச் சொல்லுங்க!”

செல்லபாய் பார்த்தாள். இரண்டாவது முறை பார்த்தாள். மூன்றாவது முறை அவள் வண்டைப் பார்க்கவில்லை. தட்டின் ஓரத்தில் கிழித்துப் போட்டிருந்த பாக்கெட்டில் தன் பெயரைப் பார்த்தாள்.

முப்பத்தொரு வருடம் அவள் அதே அண்டி ஆபீசில் முந்திரிக்கொட்டையின் தோடு உடைத்தவள். அந்தத் தோட்டின் எண்ணெய் பட்டு வெந்த விரல்நுனிகள் இன்றும் கறுப்புதான். அவள் கைபட்ட பருப்பு கப்பலேறி எங்கெங்கோ போயிற்று. எந்த டின்னிலும் செல்லபாய் என்று எழுதியதில்லை. ஆலை மூடிய பிறகு, சிவபிரசாத்தின் மில்லில் அரிசி அரைத்து, வறுத்து அவள் பாக்கெட் போடத் தொடங்கினாள். டெல்சியின் குழு அதை வளைகுடாவுக்குப் போகிறவர்கள் கையில் கொடுத்தனுப்பியது. அறுபது வயதில்தான் முதல்முதலாக ஒரு பொருளின்மேல் அவள் பெயர் அச்சாகி வந்தது.

“கிறிஸ்மசுக்கு வந்துட்டுத் திரும்பிப் போறவிய கையில நாப்பது பாக்கெட் குடுக்கணும்” என்றாள் டெல்சி. “மத்த பெண்ணுங்க வேற ஆள்கிட்ட வாங்குவோம்னு சொல்லுதாவ. நான்தான் சனிக்கிழமை வரைக்கும் பிடிச்சு நிறுத்தியிருக்கேன். வண்டு எங்கருந்து வருதுன்னு காட்டித் தந்தியன்னா போரும்க்கா. இல்லன்னா எனக்குப் பேச வாயில்ல.”

அப்போதுதான் ஜான்ரோஸ் நாற்காலியிலிருந்து எழுந்தார். கூட்டத்தில் பேசுவதுபோலத் தொண்டையைச் செருமினார்.

“இது தற்செயலா நடந்ததில்ல. இதுக்குப் பின்னால ஒரு கை இருக்கு.”

“கையா? எனக்கு ஆறு கால்லா தெரிஞ்சுது” என்றாள் செல்லபாய்.

“ஏட்டி, வெளையாடாத. மில்லு! சிவபிரசாத்துக்க மில்லு! சீலைக் கொண்டுபோனவன் இப்பம் வண்ட அனுப்புதான். எனக்கு எல்லாம் தெரியும்.”

“உங்களுக்கு ஒண்ணும் தெரியாது. மில்லுல வண்டு இருக்குன்னே வையுங்க. அரைச்ச மாவ நான் உருளியில போட்டு, மணல் போலக் கலகலன்னு உதிர்ற வரைக்கும் வறுக்கேன். அந்தச் சூட்டுல வண்டும் பிழைக்காது, அதுக்க முட்டையும் பிழைக்காது. ஆறவச்சு அலமாரியில வச்ச பிறகுதான் ஏறுது. அப்பம் அது மில்லுலருந்து வரல்ல. இந்த வீட்டுக்குள்ளருந்துதான் வருது.”

“வீட்டுக்குள்ள எங்கருந்து?”

செல்லபாய் கண்ணை மட்டும் மேலே தூக்கினாள்.

அடுக்களை அலமாரிக்கு நேர் மேலே சிமெண்டுப் பரண். அதற்கு ஒரு பலகைக் கதவு. கதவில் ஜான்ரோஸ் கைப்பட எழுதியது: ‘போராட்டக் குழு ஆவணங்கள். தொடக்கூடாது.’

“அது ஆவணக் காப்பகம்” என்றார் ஜான்ரோஸ்.

“அதுக்குள்ள காப்பாத்தி வளக்குதது ஆவணமா, இல்ல வேற வல்லதுமான்னு ஒருக்கா ஏறிப் பாத்தா என்ன?”

“குழுவுக்க சொத்து. குழு கூடி முடிவெடுக்கணும்.”

“குழு போயி ஆறு வருசமாச்சு. மேல மிச்சம் இருக்கது புழு.”

டெல்சி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு போய்விட்டாள். ஜான்ரோஸ் சிரிக்கவில்லை. அவருக்கு எதிராக எத்தனையோ கோஷம் போட்டிருக்கிறார்கள். எதுவும் இவ்வளவு சின்னதாக, இவ்வளவு சரியாக வந்து குத்தியதில்லை.

செல்லபாய் சும்மா இருந்தவளல்ல. ஒரு வருடமாக அவளும் ஒரு போர் நடத்திக்கொண்டிருந்தாள். அதற்கு நோட்டீஸ் கிடையாது. அலமாரியைத் தட்டு தட்டாகக் காலி செய்தாள். பலகை இடுக்குகளைக் கத்தி முனையால் கிளறி, சிந்திய மாவைச் சுரண்டி எடுத்தாள். வெந்நீரில் வினாகிரி கலந்து துடைத்தாள். திருகாணி ஓட்டைகளைச் சோப்பால் அடைத்தாள். புதிதாக வாங்கிய மாவை நாலு நாள் பிரிட்ஜின் ஐஸ் தட்டில் வைத்து, அதற்குப் பிறகே டப்பாவுக்கு மாற்றினாள். மிளகாய் வத்தல், கிராம்பு, பிரிஞ்சி இலை எல்லாம் போட்டுப் பார்த்தாள். வண்டுகள் பிரிஞ்சி இலைமேல் ஏறி இளைப்பாறின. கீழ்த்தட்டில் ஒன்றிரண்டு இருந்தால் மேல்தட்டில் ஏழெட்டு இருக்கும். அந்தக் கணக்கு அவளுக்குப் போதுமாக இருந்தது. ஆனால் பலகைக் கதவை அவள் திறக்கவில்லை. தொடக்கூடாது என்று அவர் எழுதியிருந்தார்.

“நீ நல்லாச் சலிச்சாப் போரும்” என்று ஜான்ரோஸ் யோசனை சொன்னார்.

“சலிச்சுச் சலிச்சு எனக்குச் சலிச்சுப் போச்சு.”

நாஞ்சில் நாட்டில் சல்லடைக்கு அரிப்பு என்று பெயர். செல்லபாய் அதை ஆணியிலிருந்து எடுத்து அவர் முகத்துக்கு நேரே ஆட்டினாள்.

“எனக்கும் ஒரு அரிப்பு இருக்கு, உங்களுக்கும் ஒரு அரிப்பு இருக்கு. எனக்க அரிப்பு மாவக் கண்டா அரிக்கும். உங்களுக்க அரிப்பு சிவபிரசாத்தக் கண்டா அரிக்கும். எதுல வண்டு மாட்டும்னு பாப்போம்.”

புதன்கிழமை மூன்று மணிக்குச் செல்லபாயும் டெல்சியும் சபையில் பெண்கள் ஐக்கியக் கூட்டத்துக்குப் போனார்கள். ஜான்ரோஸ் ஏணியைச் சாத்தினார். அவள் சொன்னதற்காக அல்ல. அவள் சொன்னது தவறு என்று நிரூபிப்பதற்காக.

பலகைக் கதவைத் திறந்ததும் நோட்டீஸ் கட்டுகள். தொண்ணூறுகளின் மஞ்சள் தாள், இரண்டாயிரத்தின் ரோஸ் தாள். பள்ளிக்கூடம் அவருக்கு எட்டாம் வகுப்போடு முடிந்தது. மிச்சப் படிப்பெல்லாம் இந்தத் தாள்களில் படித்ததுதான். படித்து முடித்து, இதே தாள்களில் எழுதவும் செய்தார். ஒரு கட்டை எடுத்துத் தூசு தட்டினார். தூசு நடந்தது.

கட்டுக்குப் பின்னால், மூலையில், அரை மூட்டை மைதா.

ஜான்ரோஸ் பரண் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார்.

போஸ்டர் பசைக்கு வாங்கிய மாவு. 2019-ல் செல்லபாய்தான் பின்வாசலில் அண்டாவை வைத்துக் காய்ச்சுவாள். மாடு போஸ்டரைத் தின்னாமலிருக்க ஒரு பிடி மயில்துத்தம் போடுவாள். கட்டி விழாமல் அவள் துடுப்பை வீசுகிற வீச்சைப் பார்த்து, “அக்கா கிண்டுனா சர்க்காரே ஒட்டிக்கிடும்” என்று சிவபிரசாத் சொல்வான். மூடாதே, மூடாதே என்று இருநூறு சுவரில் ஒட்டினார்கள். ஆலை மூடியது. போஸ்டர்கள் மட்டும் ரொம்ப நாள் உதிராமல் நின்றன. அவ்வளவு நல்ல பசை.

மிச்ச மாவை அவர்தான் மேலே ஏற்றி வைத்தார். என்றைக்காவது யாராவது வருவார்கள். தோழர், போஸ்டர் ஒட்ட வேண்டும் என்பார்கள். அன்றைக்கு வீட்டில் மாவில்லை என்று சொல்லக்கூடாது. ஆறு வருடம் காத்திருந்தார். யாரும் வரவில்லை. வந்ததெல்லாம் வண்டுதான்.

சாக்கின் வாயைப் பிரித்தார். மாவு நூலாம்படை பிடித்துக் கட்டி கட்டியாகத் தொங்கியது. உள்ளே தலைமுறை தலைமுறையாகக் குடும்பங்கள் இருந்தன. சாக்கின் அடியில் ஒரு ஓட்டை. ஓட்டைக்குக் கீழே சிமெண்டில் ஒரு விரிசல். விரிசலுக்கு நேர் கீழே அலமாரியின் மேல்தட்டு. வண்டுகள் ஒரு ஒழுங்கோடு வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தன. அப்படி ஒரு ஊர்வலத்தை அவர் வாழ்நாளில் நடத்தியதில்லை.

குற்றவாளி கிடைத்துவிட்டான். குற்றவாளி பரணில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

நேர்மையாகச் சொல்லிவிடலாம் என்று ஒரு நிமிடம் நினைத்தார். உள்ளபடியே நினைத்தார். ‘ஏட்டி, தப்பு எனக்க தப்பு.’ நாலே சொல். வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். நாற்பது வருடம் சுட்டுவிரலை நீட்டியே வாழ்ந்தவருக்கு, அந்த விரலைத் தன் பக்கம் மடக்க வரவில்லை.

பின்வாசல் கொடியில், கழுவிக் காயப்போட்ட மூன்று சாக்குகள் தொங்கின. மூன்றிலும் சிவப்பு மையில் ‘சிவபிரசாத் மாவு மில்’.

அவர் அதில் ஒன்றை எடுத்தார். கண்ணை மூடிக்கொண்டு மைதாவை அதற்குள் கொட்டினார். பழைய சாக்கைச் சுருட்டிக் கிணற்றங்கரைச் சருகுக்கு அடியில் திணித்தார். மில் சாக்கை அலமாரிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து சாத்தினார். கை நடுங்கியது. இப்படி அடுத்தவன் பைக்குள் பொருளை வைத்த கை ஒன்றை அவர் முப்பத்தேழு வருடமாகத் திட்டிக்கொண்டிருக்கிறார். அந்தக் கையும் அன்றைக்கு நடுங்கியிருக்குமோ என்று இப்போதுதான் தோன்றியது. தோன்றியதை உடனே அடக்கினார்.

ஆறு மணிக்குச் செல்லபாய் வந்தாள்.

“கொடியில மூணு சாக்கு போட்டிருந்தேன். ரெண்டுதான் நிக்குது.”

“காத்துல போயிருக்கும்.”

“காத்து நல்ல காத்து” என்றாள் செல்லபாய். “கிளிப்பக் கழத்தி, கூடைக்குள்ள போட்டுட்டுப் போயிருக்கு.”

ஜான்ரோஸ் அவசரமாகப் பேச்சை மாற்றினார். “நான் பரண்ல ஏறிப் பாத்தேன். ஆவணம் எல்லாம் பத்திரம். ஒரு பூச்சி கிடையாது. ஆனா இஞ்ச பாரு, அலமாரிக்குப் பக்கத்துலயே இருக்கு! மில்லுச் சாக்கு! முழுக்க வண்டு!”

செல்லபாய் சாக்கைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். அவர் தலைமுடியில் வெள்ளையாக ஏதோ இருந்தது. அதையும் பார்த்தாள்.

“இவ்வளவு நாளும் எனக்குக் கண்ணு அவிஞ்சா போயிருந்துது!” என்றாள். “செரி. இனி என்ன செய்யணும்?”

ஜான்ரோஸுக்கு ஆறு வருடத்துக்குப் பிறகு ரத்தம் ஓடியது. “கண்டனக் கூட்டம்! சனிக்கிழமை. டெல்சி, குழுப் பெண்ணுங்க, எல்லாரையும் கூப்பிடு. அவனையும் கூப்பிடு. நான் நோட்டீஸ் எழுதுதேன்.”

எழுதினார். எழுத எழுத வயது குறைந்தது. அடுக்களையில் செல்லபாய் அந்தச் சாக்குக்குள் கைவிட்டு எதையோ துழாவிக்கொண்டிருந்ததை அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் வாசித்துக் காட்டினார்.

“‘தாய்மார்களே! உழைத்துப் பிழைக்கும் ஒரு பெண்ணின் பெயருக்கு ஊர்விட்டு ஊர், கடல்விட்டுக் கடல் களங்கம் ஏற்பட்டுள்ளது. மேற்படி வண்டுகளைத் தன் மூட்டையிலே ஊட்டி வளர்த்து, அப்பாவிக் குடும்பத்தின் அலமாரிக்குள் ஏவிவிட்ட’, புள்ளி புள்ளி புள்ளி, ‘அவர்களை இக்கூட்டம் வன்மையாகக் கண்டிக்கிறது.’ எப்படி?”

“கொள்ளாம். அதென்ன புள்ளி புள்ளி?”

“பேருக்கு விட்ட இடம். பேர முதல்லயே எழுதுனா மானநஷ்டம்னு கேசு குடுப்பான். குழுவுக்க நடைமுறை என்னன்னா, சாட்சிகளுக்க முன்னால ஆதாரத்தத் தெறக்கணும். ஆதாரத்துல ஆருக்க பேரு இருக்கோ அத அந்த எடத்துல எழுதணும். எழுதினத ஒரு பொது ஆளு உரக்க வாசிக்கணும்.”

“ஆதாரத்துல ஆரு பேரு இருந்தாலுமா?”

“ஆரு பேரு இருந்தாலும். நாம அதுல ஆளு பாக்கது இல்ல.”

“வெறும் கண்டனம் போருமா? கோரிக்கை வேண்டாமா?” என்று கேட்டாள் செல்லபாய். “நீங்க கோரிக்கை இல்லாம ஒரு நோட்டீசும் போட்டதில்லியே.”

இத்தனை வருடத்தில் அவள் அவருடைய எழுத்தைப் பற்றிக் கேட்டதேயில்லை. ஜான்ரோஸ் மகிழ்ந்து போனார். அவள் சொல்லச் சொல்ல எழுதினார். ‘கோரிக்கை ஒன்று: குற்றவாளி அலமாரி முழுவதையும் தன் கையாலேயே காலிசெய்து கழுவித் துடைத்துத் தர வேண்டும். இரண்டு: நாற்பது பாக்கெட் மாவும் தயாராகும் வரை அன்றாடம் வந்து சலித்துத் தர வேண்டும். மூன்று: வண்டு வந்த வழியைச் சிமெண்டு வைத்து அடைக்க வேண்டும்.’

“மூணாவது எதுக்குட்டி? மில்லுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?”

“கெடக்கட்டும். கோரிக்கைன்னா மூணு இருந்தாத்தான் லெட்சணம்.”

அது உண்மை. கையெழுத்துப் போட்டார்.

வியாழக்கிழமை செல்லபாய் தக்கலைக்குப் போய்வந்தாள். கையில் காகிதத்தில் சுற்றிய சின்னப் பொட்டலம்.

“அது என்ன?”

“சோப்பு.”

சீரகம் என்றதும் ஓமம் என்றதும் அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பேச்சைத் தயாரித்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை பத்து மணிக்கு முன்னறையில் பாய் விரித்தாயிற்று. டெல்சி வந்தாள். கூடவே குழுப் பெண்கள் ஸ்மைலினும் ஜினிஷாவும். கடைசியாகச் சிவபிரசாத். சட்டையில், புருவத்தில், காதுமடலில் எல்லாம் மாவு. மில்லை நிறுத்திவிட்டு வந்திருந்தான்.

“அண்ணாச்சி, கூப்பிட்டியளாம்” என்றான். ஆறு வருடத்துக்குப் பிறகு இந்த வாசலை மிதிக்கிறான். உட்காரச் சொல்வார்களா என்று தெரியாமல் நின்றான்.

ஜான்ரோஸ் நீல நோட்டைத் திறந்தார். எந்தக் கண்டனத்துக்கும் முன்வரலாறு உண்டு. வரிசையாக வாசித்தார். ஒன்று, 1988, பையில் பருப்பு.

“அதுல ஒண்ணு விட்டுப்போச்சே” என்றாள் செல்லபாய்.

“என்னது?”

“நாலு மாசம் கழிச்சு உங்களத் திரும்ப வேலைக்கு எடுத்தாவல்லா. எதுக்கு எடுத்தாவ?”

ஜான்ரோஸ் நோட்டைப் புரட்டினார். எழுதியிருந்தால்தானே கிடைக்கும்.

“சாயங்காலம் கேட்டுக்குப் பொறப்படும்போ பை காலியாத்தான் இருந்துது, நான் கண்ணால பாத்தேன்னு விசாரணையில ஒரு ஆள் சாட்சி சொல்லிச்சு. இருவது வயசு. சொன்னா உனக்கும் வேல போவும்னு மானேஜர் மிரட்டியும் சொல்லிச்சு. அது ஆரு?”

செல்லபாய் சிவபிரசாத் பக்கம் திரும்பினாள்.

“விடுங்கக்கா” என்றான் சிவபிரசாத், தரையைப் பார்த்தபடி. “பழைய கதை.”

ஜான்ரோஸ் இரண்டும் மூன்றும் நான்கும் அவசர அவசரமாக வாசித்தார். மூன்றில் சீல் என்ற சொல்லை விழுங்கிவிட்டார். சட்டென்று சாக்கைக் காட்டினார்.

“இதுதான் ஆதாரம். சாக்குல பேரு இருக்கு. எல்லாரும் பாருங்க.”

சிவபிரசாத் குனிந்து ஒரு சிட்டிகை எடுத்து விரலுக்கிடையே தேய்த்தான். மூக்கருகே கொண்டுபோனான்.

“அண்ணாச்சி, இது மைதால்லா?”

“இருந்தா என்ன?”

“நம்ம மில்லுல அரிசி அரைப்பேன், கோதம்பு அரைப்பேன், மொளகாய் அரைப்பேன். மைதா எப்படி அண்ணாச்சி அரைக்கது? அது பெரிய கம்பெனியில வாறதுல்லா?”

ஜினிஷா களுக்கென்று சிரித்தாள். ஜான்ரோஸ் நாற்பது வருடம் மைதாவைச் சுவரில் பூசியவர். அது எங்கே அரைபடுகிறது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

“அது... அரிசிதான். அரிசியிலேயே வெளுத்த அரிசி...”

“எதுக்குச் சண்டை?” என்றாள் செல்லபாய். “சாட்சிகளுக்க முன்னால ஆதாரத்தத் தெறக்கணும்னு நடைமுறை இருக்குல்லா. தெறந்திரலாம்.”

அவள் பாயின் நடுவே பழைய பெட்சீட்டை விரித்தாள். அரிப்பை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சாக்கைச் சாய்த்தாள். மாவு விழுந்தது, வண்டு விழுந்தது, புழு விழுந்தது. பெண்கள் காலைத் தூக்கிக்கொண்டார்கள். அவள் முகம் சுளிக்கவில்லை. பசை காய்ச்சும்போது துடுப்பு வீசிய அதே வீச்சில், இடமும் வலமுமாக அரிப்பை ஆட்டினாள். மாவு கீழே இறங்கியது. கட்டிகள் மேலே உருண்டன. கட்டிகளுக்கு நடுவே ஒன்று, டொக் என்று தட்டியது.

பால் பாக்கெட் கவரில் சுற்றிய சின்ன மரப்பிடி.

ஜான்ரோஸ் அதைப் பார்த்தார். பார்த்த நொடியில் 2019 முழுவதும் திரும்பி வந்தது. சனிக்கிழமை, போஸ்டர் ஒட்டிய மறுநாள். வாசலில் போலீஸ் ஜீப். சீல் கிடைத்தால் செயலாளர் யார் என்று கிடைத்துவிடும். அவர் அடுக்களைக்கு ஓடினார். எதிரே மாவு மூட்டை. முழங்கைவரை உள்ளே விட்டுப் புதைத்தார். போலீஸ் தேடிவிட்டுப் போயிற்று. அதற்குப் பிறகு ஆலை, பூட்டு, அழுகை, ஆயிரம் பேச்சு. ஒரு வாரம் கழித்துச் சீலைத் தேடியபோது மாவு நினைவுக்கு வரவில்லை. சிவபிரசாத்தின் முகம்தான் நினைவுக்கு வந்தது. எல்லார் முன்னாலும் கள்ளன் என்று கத்தினார். அவன் ஒரு சொல் திருப்பிப் பேசாமல், செருப்பைப் போட்டுக்கொண்டு போனான்.

சிவபிரசாத்தும் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் புருவத்து மாவின் கீழே கண்கள் நிறைந்திருந்தன.

“கெடச்சிற்றே, அண்ணாச்சி” என்றான். சத்தமே இல்லாமல்.

செல்லபாய் கவரைப் பிரித்தாள். முந்தானை முடிச்சிலிருந்து சோப்பை எடுத்தாள். சோப்பைத் திறந்தாள். சீல் குத்துகிற மைப்பெட்டி; உள்ளே பஞ்சு ஊதா மையில் நனைந்திருந்தது. அவள் ரப்பர் சீலை அதில் ஒற்றினாள்.

“ஏட்டி” என்றார் ஜான்ரோஸ். கெஞ்சலாக வந்தது.

“ஆதாரத்துல ஆரு பேரு இருந்தாலும்னு சொன்னியளே. நாம அதுல ஆளு பாக்கது இல்ல.”

நோட்டீஸைப் பாயில் வைத்து, புள்ளிகளுக்கு மேலே, கறுத்த விரல்நுனிகளால் அழுத்திப் பதித்தாள். நன்றாகப் பதிந்தது. பிழையில்லாமல், ஒரு எழுத்துக்கூட மாறாமல், ஊதா நிறத்தில். எழுந்து வந்து, சிவபிரசாத்துக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். “இரி மக்கா, சாயை போடுதேன்.” பிறகு தாளை டெல்சியிடம் நீட்டினாள்.

“நீ பொது ஆளு. உரக்க வாசி.”

டெல்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். ஸ்மைலின் வீடியோ எடுத்தாள். அது பஹ்ரைனுக்குப் போக வேண்டும்.

“‘மேற்படி வண்டுகளைத் தன் மூட்டையிலே ஊட்டி வளர்த்து, அப்பாவிக் குடும்பத்தின் அலமாரிக்குள் ஏவிவிட்ட... ஞா. ஜான்ரோஸ், செயலாளர்.’”